ஹெர்ன் பே குட்டிப் பேருந்து

குட்மேய்ஸ், லண்டன்
9 மார்ச் 2025

சதாசிவம் அவர்களுக்கு,

மனோரமா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்திருக்காது. விரல்கள் முன்போல மடங்குவதில்லை. மலேசியாவிலிருந்து இங்கே தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்கு வந்த ஒரு கிள்ளான்காரர்தான் உங்கள் முகவரியைக் கொடுத்தார். உங்கள் மனைவி தவறிவிட்டதாகவும் சொன்னார். வருந்துகிறேன்.

நம் இருவருக்கும் இடையே கடிதம் நின்று ஐம்பத்தெட்டு வருடம் ஆகிறது. நீங்கள் கப்பலேறிய பிறகு நான் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை.

இல்ஃபர்ட் நூலகத்தில் ஒரு கண்காட்சி நடக்கிறது. ஐம்பது, அறுபதுகளில் லண்டன்காரர்கள் ஒருநாள் சுற்றுலா போன கடற்கரை ஊர்களில் சின்னச் சின்னக் கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தனவே, அவற்றின் படங்கள். குட்டி விமானத்திலும் வாத்திலும் தேநீர்க் கோப்பையிலும் குழந்தைகள் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. என்னைக் கவனித்துக்கொள்ள வரும் குமுதினி, யாழ்ப்பாணத்துப் பெண், சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனவள், குளிருக்கு ஒதுங்கத்தான் அங்கே நுழைந்தாள்.

“அம்மா, இஞ்ச பாருங்கோ. இந்தப் பிள்ளை எங்கட ஆக்கள் மாதிரிக் கிடக்கு” என்றாள்.

ஒரு குட்டிப் பேருந்து. தகரத்தில் செய்து வட்டமாக ஓடவிடுவது. அதில் ஒரு பெண் குழந்தை, மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தபடி வாய் நிறையச் சிரிக்கிறது. கீழே எழுதியிருக்கிறது: “ஹெர்ன் பே, கோடை 1966. பெயர் தெரியாத குழந்தை.”

அது மாலினி.

நூலகத்தில் இந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கும் பையனிடம் சொன்னேன். பெயர் போடுகிறோம், ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுப் படம் ஏதாவது உண்டா என்று கேட்டான். என்னிடம் இல்லை. ஆல்பத்தை நீங்கள் கொண்டு போனீர்கள். அதிலிருந்து ஒரே ஒரு படம், நகலாக இருந்தாலும் போதும், அனுப்புங்கள். என் பிள்ளை பெயர் தெரியாதவளாக ஒரு சுவரில் தொங்கக்கூடாது.

மனோரமா


கிள்ளான்
30 மார்ச் 2025

மனோரமாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ இணைத்த படநகலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் வலது கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. இடது கண்ணால் பார்த்தேன்.

இது மாலினி அல்ல.

வழக்கறிஞனாக இருந்தவன் காரணம் சொல்லாமல் மறுக்கக்கூடாது. நாம் அவளை வளர்க்க விட்டிருந்த மிசஸ் ஹாரிஸ் வீட்டிலிருந்து அந்தப் பூங்காவுக்கு அவளைப் பல தடவை அழைத்துப் போயிருக்கிறேன். அந்தப் பேருந்தின் மணிச் சத்தம் கேட்டாலே அவளுக்கு உயிர் போய்விடும். என் காற்சட்டையைப் பற்றிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகள் சுற்றுவதைப் பார்ப்போம். அவ்வளவுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. அவள் அதில் ஏறி மணியடித்துச் சிரித்திருக்க வழியே இல்லை.

ஆல்பத்தைப் பற்றிக் கேட்டாய். எழுபத்தொன்றாம் வருட வெள்ளத்தில் கோலாலம்பூரில் என் அறைக்குள் தண்ணீர் ஏறியது. சட்டப் புத்தகங்களோடு அதுவும் போயிற்று. ஈரத்தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் உருவம் இல்லை. அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். என் மூத்த மகன் ஷான் வீட்டில் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு மாலினியைப் பற்றித் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் படிக்கவும் தெரியாது, அதனால் நீ கடிதம் எழுதினால் ஆபத்தில்லை. ஆனால் தொலைபேசியில் கூப்பிடாதே.

பிள்ளையை என் அம்மாவிடம் ஊருக்கு, சித்தியவானுக்கு அனுப்பிவிடுவோம் என்று நான் அன்றே சொன்னேன். நீதான் கேட்கவில்லை.

சதாசிவம்


குட்மேய்ஸ்
14 ஏப்ரல் 2025

சதாசிவம் அவர்களுக்கு,

புத்தாண்டும் அதுவுமாக இதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். குமுதினி பொங்கல் வைத்துக் கொண்டுவந்தாள், ஒரு வாய் சாப்பிட்டேன், இறங்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

உங்கள் அம்மாவிடம் அனுப்பியிருந்தால் நாம் அவளை எத்தனை வருடம் கழித்துப் பார்த்திருப்போம்? நான் தாதிகள் விடுதியில் இருந்தேன். அங்கே குழந்தைக்கு இடமில்லை. உங்கள் அறையின் வீட்டுக்காரி ஜன்னலில் என்ன எழுதி ஒட்டியிருந்தாள் என்று மறந்துவிட்டீர்களா? குழந்தைகள் கூடாது, கறுப்பர்கள் கூடாது. உங்களை மட்டும் எப்படியோ விட்டிருந்தாள். நம்மைப் போல எத்தனை மாணவர்கள் கடற்கரை ஊர்களில் வெள்ளைக்காரக் குடும்பங்களிடம் பிள்ளைகளை வளர்க்க விட்டிருந்தார்கள்! விளம்பரத்தைப் பார்த்து நாம் இருவரும்தான் ஹெர்ன் பே போனோம். இருவரும்தான் சம்மதித்தோம். அவள் எங்கே இருக்கவேண்டும் என்று நான் ஒருத்தி மட்டும் முடிவெடுத்ததாக நீங்கள் அவளைப் புதைத்த அந்தக் குழியருகில் நின்று சொன்னீர்கள். சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் ஷிப்டுக்கு ஏற்றபடி ஒரு ஞாயிறு நான், மறு ஞாயிறு நீங்கள் என்று போய் வந்தோம். அவளுக்கு எந்த ஞாயிறும் வெறுமையாகப் போகக்கூடாது என்றுதான் அப்படி வைத்துக்கொண்டோம். அதனால் உங்கள் ஞாயிறு எனக்குத் தெரியாது. என் ஞாயிறு உங்களுக்குத் தெரியாது. என்னோடு அவள் அந்தப் பேருந்தில் ஏறினாள். இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். மணிக்கயிறு அவள் கையில்தான் இருந்தது. இதை நான் கனவில் காணவில்லை.

ஆல்பம் போனதைப் படித்தேன். உங்களிடமாவது அவள் முகம் இருக்கிறது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் உங்கள்மேல் கோபமாக இருக்க முடிந்தது.

நூலகத்துப் பையன் பெயர் சிவதர்ஷன். நேற்று வீட்டுக்கே வந்தான். “அம்மா, பேர் போடுறதில எனக்கொரு பிரச்சினையும் இல்லை. ஆனா கொஞ்சம் பொறுங்கோ. இங்க வடக்கு லண்டன் எட்மண்டனில இருந்து இன்னொரு ஆள் இந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறா. அவவையும் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்” என்றான்.

யார் என்று கேட்டேன். தனக்கே இன்னும் சரியாகத் தெரியாது என்றான்.

மனோரமா


கிள்ளான்
4 மே 2025

மனோ,

ஜன்னலில் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறது. வெள்ளை அட்டை, நீல மை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு ஷானிடம் அந்தப் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். கணினித் திரை முழுவதும் அந்தக் குழந்தையின் முகம் வந்து நின்றது. “யாருப்பா இந்தப் பாப்பா? நம்ம சொந்தமா?” என்று கேட்டான். பழைய வழக்கு ஒன்று என்று சொல்லிவிட்டேன். நல்ல சிரிப்பு என்றான். எனக்கு எழுந்து போகவேண்டும்போல இருந்தது.

உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். போன கடிதத்தில் அது மாலினி அல்ல என்று தீர்ப்புப்போல எழுதினேன். மணிச் சத்தத்துக்கு அவள் பயந்தது உண்மை. ஆனால் முகத்தைப் பார்த்து நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அவள் முகம் நினைவில் இல்லை, மனோ. எப்போது போனது என்றும் தெரியாது. என் தொடையில் அவள் நெற்றி அழுந்தியது நினைவிருக்கிறது. என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடப்பாள், அந்த இழுப்பு நினைவிருக்கிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. திரையில் இருந்தது அவளாக இருக்கலாம், அல்லாமலும் இருக்கலாம். எந்தத் தகப்பனுக்கு இப்படி ஆகும்?

உனக்கு முகம் நினைவிருக்கிறதா? உண்மையைச் சொல். படத்தைப் பார்க்கும் முன்பே இருந்ததா?

எட்மண்டன் ஆள் யார் என்று தெரிந்ததும் எழுது. காத்திருக்கிறேன்.

சதாசிவம்


குட்மேய்ஸ்
8 ஜூன் 2025

சதாசிவம் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். இல்லை. படத்தைப் பார்க்கும் முன்பு எனக்கும் இருக்கவில்லை. பார்த்த கணத்தில் திரும்ப வந்துவிட்டதென்று நினைத்தேன். அதனால்தான் அதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் குழந்தை மாலினி அல்ல.

எட்மண்டனிலிருந்து வந்தவள் பெயர் இந்திராணி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபது தாண்டியவள், ஆனால் என் வீட்டுப் படியில் ஏறிவந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சிரிக்கும்போது அதே வாய். அவளுடைய அம்மா கயானாவிலிருந்து என்னைப் போலத் தாதிப் பயிற்சிக்கு வந்தவள். இவளையும் மிசஸ் ஹாரிஸிடம்தான் விட்டிருந்தாள். உங்களுக்கு நினைவிருக்கலாம், ராணி என்று கூப்பிடுவார்களே, சுருட்டைமுடிக்காரி. மாலினியைவிட ஒரு வயது மூத்தவள். இருவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள்.

அவளைக் கண்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. அதை மறைக்கமாட்டேன். அந்த வீட்டிலிருந்து இவள் எழுந்து வந்து வளர்ந்து பேரப்பிள்ளை கண்டிருக்கிறாள். குமுதினி தேநீர் வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தபடியே நின்றாள்.

இந்திராணி தன் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். பூங்காவில் அன்று அச்சிட்டு விற்ற அதே படம். மிசஸ் ஹாரிஸ் சாகும்வரை வைத்திருந்து இவளிடம் கொடுத்தாளாம். நூலகத்தில் மாட்டியிருப்பது பேருந்தையும் அதிலிருக்கும் பிள்ளையையும் மட்டும் பெரிதாக்கிய பகுதி. இது முழுப்படம்.

பேருந்தில் ராணி. அவளுக்கு இடதுபுறம், வேலிக்கு வெளியே, மிசஸ் ஹாரிஸ் நிற்கிறாள். அவள் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை. படமெடுப்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நான் பின்னிய கம்பளிச் சட்டை. பின்கழுத்தில் பொத்தான் தவறி மாட்டியிருக்கிறது.

“இதுதான் மாலினி. அந்த மணி அவளுக்கு ஆகவே ஆகாது” என்றாள் இந்திராணி.

நீங்கள் சொன்னது சரி. ஆனால் நான் சொன்னதும் பொய்யில்லை. “என்னோடு ஏறுவாளே, நான் பார்த்தேனே” என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “நீங்கள் வந்தால் உங்கள் மடியில் உட்கார்ந்து ஏறுவாள். மணியை அவளே அடிப்பாள், வேறு யாரையும் அடிக்கவிடமாட்டாள். அவளே அடித்தால் பயமில்லையாம். நீங்கள் போன பிறகு கிட்டவும் போகமாட்டாள்.”

பிறகு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். தன் அம்மா மாதத்துக்கு ஒரு தடவை வருவதே அபூர்வம், மாலினிக்கு வாராவாரம் யாராவது வந்தார்கள், அதைப் பார்த்துத் தனக்குப் பொறாமையாக இருக்கும் என்றாள். “ஆனால் ஒருமுறை மாலினி மிசஸ் ஹாரிஸிடம் கேட்டாள், என் அம்மாவுக்கு என் அப்பாவைத் தெரியுமா என்று.”

மாலினியின் கடைசிப் புதன்கிழமையைப் பற்றியும் கேட்டேன், மிசஸ் ஹாரிஸ் பின்னாளில் தனக்குச் சொன்னதைச் சொன்னாள். விடியற்காலையில் காய்ச்சல் கொதித்ததாம். மருத்துவர் வந்து மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்றதும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். மிசஸ் ஹாரிஸ் வழிநெடுக மடியில் வைத்திருந்தாள், இறக்கவில்லை என்றாள். மறுநாள் நமக்குத் தந்தி வந்தது. அவள் தனியாக இல்லை. இதையாவது தெரிந்துகொண்டேன்.

முழுப்படத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. முகம் இல்லை. ஆனால் இது அவள்தான்.

மனோரமா


கிள்ளான்
6 ஜூலை 2025

மனோ,

படம் வந்த அன்று வீட்டில் நான் மட்டும் இருந்தேன். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பின்னந்தலையில் முடி ஒரு பக்கம் சுழித்திருக்கிறதே, கண்டாயா? பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். எனக்கு இது போதும். முகம் கேட்கமாட்டேன்.

ஷான் வேலையிலிருந்து வரும்வரை அப்படியே இருந்திருக்கிறேன். படத்தைக் கையிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

“அதே பாப்பாவாப்பா? இந்த வழக்கு இன்னும் முடியலியா?”

“அந்தப் பாப்பா இல்ல. அங்க திரும்பி நிக்கிறது. அது உன் அக்கா.”

“என்னப்பா சொல்றீங்க?”

சொன்னேன். லண்டனில் எனக்கொரு கல்யாணம் ஆகியிருந்தது, ஒரு பெண் இருந்தாள், மூன்றரை வயதில் போய்விட்டாள். இவ்வளவையும் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்கே அவமானமாக இருந்தது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். பேசவேணாம்னு ரெண்டு பேரும் வச்சுக்கிட்டோம்.”

“எனக்கு அம்பது வயசாச்சுப்பா” என்றான். வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். வண்டியைக் கிளப்பவில்லை. நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இருட்டியதும் உள்ளே வந்து, “பேரு என்ன?” என்று கேட்டான்.

மாலினி என்று இந்த வீட்டில் அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

நான் லண்டன் வரவேண்டும் என்று நினைத்தேன். இருதய மருத்துவர் விமானமே கூடாது என்கிறார். ஷான் தானே வருவதாகச் சொல்கிறான். உன்னைப் பார்க்கலாமா என்று கேட்டு எழுதச் சொன்னான். மாலினி இருக்குமிடத்துக்கும் போகவேண்டுமாம். உனக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தமாட்டேன்.

குழியருகில் நான் சொன்னதை நீ எழுதியிருந்தாய். அன்று எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நீதான் நின்றாய். இதைத் தவிரச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. எத்தனையோ பேருக்காக வாதாடியவன்.

சதாசிவம்


குட்மேய்ஸ்
7 செப்டம்பர் 2025

சதாசிவம் அவர்களுக்கு,

ஷான் நேற்று விமானம் ஏறிவிட்டான். இந்தக் கடிதம் வருவதற்குள் அவன் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லியிருப்பான். ஆனாலும் நானும் எழுதவேண்டும்.

வாசலில் வந்து நின்றபோது என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. “ஆன்ட்டி” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். “பெரியம்மான்னு கூப்பிடலாமா?” என்று கேட்டான். சரி என்றேன். உங்கள் நடை அவனுக்கு. அதைப் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

முதலில் நூலகத்துக்குப் போனோம். சிவதர்ஷன் பழையதைக் கழற்றிவிட்டு முழுப்படத்தையே பெரிதாக்கி மாட்டியிருந்தான். கீழே “பேருந்தில் இந்திராணி. வேலியருகே மாலினி சதாசிவம்” என்றிருந்தது. எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கோ, மாத்திவிடுறன் என்றான். பிழை இல்லை. ஷான் கொஞ்சநேரம் நின்று பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்கு அந்தக் குட்டிப் பேருந்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெர்ன் பேக்குக் குமுதினியும் வந்தாள். பூங்கா இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். மிசஸ் ஹாரிஸின் வீடு இருக்கிறது. கதவுக்கு வேறு வண்ணம் அடித்திருக்கிறார்கள். கல்லறையைப் பற்றி நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை, நானாகச் சொல்கிறேன். நீங்கள் போன மறு வருடம் ஒரு சின்னக் கல் வைத்தேன். அவள் பெயரும் வருடங்களும் மட்டும். முழங்கால் விட்டுப்போகும்வரை ஒவ்வொரு செப்டம்பரும் போய் வந்தேன். கடைசியாகப் போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. கல் பாதி புல்லுக்குள் புதைந்திருந்தது.

ஷான் மண்டியிட்டுக் கையாலேயே புல்லைப் பிடுங்கினான். குமுதினி பையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தாள், வேண்டாம் என்றுவிட்டான். காற்சட்டை முழுவதும் சேறு. பெயர் முழுவதும் தெரிந்ததும் எழுந்து நிற்பான் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாதி நரைத்த தலை. ஐம்பது வயது ஆண்பிள்ளை, மூன்றரை வயதுப் பிள்ளையின் கல்லைப் பார்த்து, “அக்கா, நான் ஷான்” என்றான்.

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. தள்ளிக்கொண்டு போ என்று குமுதினியிடம் சொன்னேன். வேலியோரம் போய் நின்றோம். அவன் தொடர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். இடையிடையே கையை விரித்துக் காட்டினான். ஒருமுறை சிரித்ததுபோலவும் இருந்தது.

“அம்மா, அவர் அழுறார் போலக் கிடக்கு. போய்ப் பாக்கட்டோ?” என்று குமுதினி கேட்டாள்.

“வேணாம். பேசட்டும்” என்றேன்.

காற்று கடல் பக்கமாக வீசியது. அவன் என்ன சொன்னான் என்பது என் காதுக்கு எட்டவில்லை. திரும்பி வரும்போது காரில் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. நீங்கள் தகப்பன், உங்களிடம் சொல்வான். கேட்டு எனக்கு எழுதுங்கள்.

மனோ